நுவரெலியாக் குதிரையின் சிறுநீர்: கொழும்பிலேயே பார்ப்பதா, விமானம் ஏற்றுவதா?

குதிரை ரேஸ் நடத்தும் ஒரு சிறிய சங்கம் ஊக்கமருந்துச் சோதனை வைக்கத் தீர்மானித்தால் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி வரும்: எடுத்த சிறுநீரை யாரிடம் கொடுப்பது? இலங்கையில் இன்று ரேஸ் என்றால் நுவரெலியாதான். ஆய்வுகூடங்களும் கூரியர் கந்தோர்களும் விமான நிலையமும் கொழும்புப் பக்கம் இருக்கின்றன. ஒரு காலத்தில் குதிரையும் இங்கேயே ஓடியது. கொழும்பு 7 ரேஸ்கோர்ஸில், 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் குண்டு போட வந்தபோது ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பிய அதே புல்தரையில். இப்போது அங்கே கடைகளும் ரக்பி மைதானமும்தான். ஆகவே மலையில் எடுத்த போத்தல் கொழும்புக்கு இறங்கியே ஆக வேண்டும். இறங்கிய பிறகு எங்கே போவது என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

வழிகள் மூன்று. சோதனைக் கிட் வாங்கி நாமே பார்க்கலாம். கொழும்பில் ஏற்கெனவே இருக்கும் பெரிய மெஷின் ஒன்றில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். இல்லாவிட்டால், குதிரைச் சோதனையே தொழிலாக உள்ள வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். நான் தேயிலையில் பூச்சிகொல்லி எச்சம் பார்க்கும் வேலையில் இருந்தவன். அதனால் இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

முதலில் சிறுநீரைப் பற்றிக் கொஞ்சம். குதிரையின் சிறுநீர் மனிதருடையதைப் போலத் தெளிவாக இருக்காது. சளி கலந்து குழகுழவென்று இருக்கும், கல்சியம் காபனேற்று அடியில் படியும், பெரும்பாலும் காரத்தன்மையுடையது. அதை வடிகட்டாமல் மெஷினில் விட்டால் குழாய் அடைத்துவிடும். மருந்தும் உள்ளே போன உருவத்தில் வெளியே வருவதில்லை. ஈரல் அதை மாற்றி, குளுக்குரோனைட்டு, சல்பேற்று போன்றவற்றுடன் இணைத்துத்தான் வெளியேற்றுகிறது. அந்த இணைப்பை உடைக்க ஆய்வுகூடங்கள் பலவற்றில் ஒருவகை நத்தையிலிருந்து எடுக்கும் நொதியத்தைச் சேர்க்கிறார்கள். அப்புறம் பிரித்தெடுத்துச் செறிவாக்கி மாஸ் ஸ்பெக்கில், அதாவது மூலக்கூறுகளை அவற்றின் திணிவைக் கொண்டு இனங்காணும் கருவியில், பார்க்கிறார்கள். ஆகவே தேட வேண்டியது மருந்தை மட்டுமல்ல, குதிரையின் உடம்பு அதை என்னவாக மாற்றியது என்பதையும்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இரத்தம் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தம் எடுப்பது சுலபம். மருந்து அந்த நேரத்தில் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்ததா என்பதையும் அது நன்றாகக் காட்டும். ஆனால் பல மருந்துகள் சிறுநீரில்தான் செறிவாகவும் கூடுதல் நாட்களுக்கும் கிடைக்கின்றன. கதையும் அதில்தான் கூடுதலாக இருக்கும். 2021இல் கென்டக்கி டேர்பியில் முதலாவது வந்த மெடினா ஸ்பிரிட் என்ற குதிரையின் இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 21 பிக்கோகிராம் பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து இருந்தது. மூட்டில் போட்ட ஊசியா, தோலில் பூசிய களிம்பா என்று பெரிய சண்டை. பிறகு சிறுநீரை நியூயோர்க்கில் சோதித்தபோது, களிம்பில் இருக்கும் வலரேற்று வடிவம் கிடைத்தது. எப்படிப் போனாலும் விதி விதிதான் என்று 2022 பெப்ரவரியில் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். அது வேறு கதை. வழக்கு என்று வந்தால் இரண்டும் கையில் இருப்பது நல்லது.

சரி, கிட்.

மருந்து இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா கிட் ஒன்றில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒரு கிட் ஒரு மருந்தை அல்லது ஒரு மருந்துக் குடும்பத்தைத்தான் பிடிக்கும். ஒரு நாளில் 6 ரேஸ், ஒவ்வொன்றிலும் முதலாவது வந்த குதிரையும் சீட்டுக் குலுக்கலில் வந்த இன்னொன்றும் என்று வைத்தால் 12 மாதிரிகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகளையும் சேர்த்தாலும் தட்டில் பாதிகூட நிரம்பாது. பியூட் என்று தொழுவத்தில் சொல்லும் பினைல்பியூட்டசோனுக்கு ஒரு கிட், டெக்சாமெதசோனுக்கு ஒன்று, அசிப்ரோமசினுக்கு ஒன்று, கிளென்பியூட்டரோலுக்கு ஒன்று என்று இருபது குடும்பம் பார்க்க இருபது கிட் வேண்டும். எல்லாம் குளிரில் வைக்க வேண்டியவை, காலாவதித் திகதியும் உண்டு. அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்காது. மலிவு என்று சொல்லப்படும் வழி இப்படித்தான் மெதுவாக மலிவில்லாமல் போகிறது.

காசு கூடப் பரவாயில்லை. கிட் பொசிட்டிவ் என்று சொன்னால் அது சந்தேகம் மட்டும்தான். வேறு ஏதாவது ஒரு பொருளும் அதே நிறமாற்றத்தைக் கொடுத்திருக்கலாம். மாஸ் ஸ்பெக்கில் உறுதிப்படுத்தாமல் எந்த உரிமையாளரிடமும் கோப்பையைத் திருப்பிக் கேட்க முடியாது. நெகட்டிவ் என்று சொன்னால் அதைவிட ஆபத்து. வாங்காத கிட்டில் வராத மருந்து எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடும். 2012இல் அமெரிக்காவில் டெர்மோர்பின் என்ற பொருள் 30க்கும் மேற்பட்ட குதிரைகளில் அகப்பட்டது. தென்னமெரிக்கத் தவளை ஒன்றின் தோலில் இருப்பது, மோர்பினைவிடப் பல மடங்கு வலுவான வலிநிவாரணி. அதற்கு முன்பும் ஆட்கள் அதைக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஓர் ஆய்வுகூடம் தன் சோதனை முறையை மாற்றியமைத்த பிறகுதான் தெரியவந்தது. கிட்டை மட்டும் நம்பியிருக்கும் சங்கத்துக்கு அந்த மாதிரிச் செய்தி எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும். பார்மசிகளில் மனிதருக்கென்று விற்கும் சிறுநீர்ச் சோதனை அட்டைகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை, குதிரைக்குப் போடும் மருந்துகளில் பெரும்பாலானவை அதில் இல்லை.

கிட்டுக்கு ஓர் இடம் உண்டு. சிகிச்சைக்காக மருந்து கொடுத்த குதிரை ரேஸுக்குள் தெளிந்துவிட்டதா என்று பயிற்சியாளர் தன் திருப்திக்குப் பார்ப்பதற்கு. அதற்கு மேல் வேண்டாம்.

இனி, கொழும்பில் எல்லோரும் கேட்கும் கேள்வி: "இங்கேதான் மெஷின் இருக்கிறதே?" இருக்கிறது. ஏற்றுமதித் தேயிலைக்கு எச்சம் பார்க்கும் ஆய்வுகூடங்களில் நல்ல எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவிகள், அதாவது கலவையை முதலில் பிரித்துவிட்டுப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்குகள், இருக்கின்றன. பெலவத்தையில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் இருக்கிறது. போதைப்பொருளுக்கு மனிதரின் சிறுநீர் பார்க்கும் இடங்களும் உண்டு. ஜப்பானுக்குப் போகும் தேயிலையில் மிகச் சிறிய அளவு களைகொல்லியைப் பிடிக்கும் மெஷின், குதிரைக்குப் போட்ட ஸ்டீரொயிட்டைப் பிடிக்காதா என்று கேட்டால், மெஷின் பிடிக்கும். ஆனால் என்னத்தைப் பிடிக்க வேண்டும் என்று யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கருவியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது பட்டியலில் உள்ள ஆட்களை மட்டும் உள்ளே விடும் வாயிற்காவலாளி. பட்டியலில் ஒவ்வொரு பெயரும் சேர, அந்தப் பொருளின் தூய மாதிரி கையில் வேண்டும். மோர்பின், கொக்கெயின், அம்பெட்டமின் ஆகியவற்றின் தூய மாதிரியை, அது ஒரு மில்லிகிராமாக இருந்தாலும், இறக்குமதி செய்ய ஆபத்தான ஒளடதங்களுக்கான அனுமதி எடுக்க வேண்டும். மேலே சொன்னதுபோலக் குதிரையின் உடம்பு மருந்தை மாற்றி உண்டாக்கும் பொருள்களுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும், சில சந்தையிலேயே இல்லை. பெரிய ரேஸ் ஆய்வுகூடங்கள் மருந்தை உண்மையான குதிரைக்குக் கொடுத்து, அடுத்த நாட்களில் வரும் சிறுநீரைச் சேர்த்து வைத்துத் தங்கள் முறையைச் சரிபார்த்துக்கொள்ளும். கொழும்பில் அதற்கென்று குதிரை வைத்திருப்பவர் யார்? இது போக, ஒரு மருந்தும் போடாத பல குதிரைகளின் சிறுநீர் வேண்டும். வெறும் சிறுநீரில் என்னென்ன தெரியும் என்று அறியாதவரை, எது அந்நியம் என்று சொல்ல முடியாது.

அங்கீகாரமும் அப்படியே. ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 தரச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது என்பதால் அந்த ஆய்வுகூடம் எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் பெற்றது என்று ஆகாது. சான்றிதழின் பின்னிணைப்பில் எந்தப் பொருளில் எதைப் பார்க்க அனுமதி என்று வரிவரியாக இருக்கும். தேயிலையில் பூச்சிகொல்லி என்று எழுதியிருந்தால் அது தேயிலையில் பூச்சிகொல்லிதான். உரிமையாளரின் சட்டத்தரணி அந்தப் பின்னிணைப்பை மேசையில் வைத்தால் விசாரணை அன்றே முடிந்துவிடும். ரேஸ் ஆய்வுகூடங்களுக்கென்று ஐலாக் ஜி7 என்ற தனி வழிகாட்டியே இருக்கிறது.

அளவுகளும் ஒரு தலைவலி. சில பொருள்கள் குதிரையின் உடம்பிலேயே இருப்பவை அல்லது தீவனத்தில் வருபவை. அவற்றுக்கு வாசல் அளவு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால்தான் குற்றம். சர்வதேச ரேஸ் சம்மேளனத்தின் உடன்படிக்கையில் 6ஆம் உறுப்புரையின்படி சிறுநீரில் சலிசிலிக் அமிலம் மில்லிலீற்றருக்கு 750 மைக்ரோகிராம், தியோபுரோமின் 2 மைக்ரோகிராம், கோபால்ற்று 0.1 மைக்ரோகிராம். ஆண்மை நீக்கிய குதிரையின் சிறுநீரில் டெஸ்டொஸ்டெரோன் 0.02 மைக்ரோகிராம். இவற்றில் பெரியதுக்கும் சிறியதுக்கும் பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். வெறுமனே இருக்கிறதா இல்லையா என்றால் போதாது, இவ்வளவு, இத்தனை நிச்சயமின்மையுடன் என்று சொல்ல வேண்டும். கோபால்ற்று உலோகம் என்பதால் அதற்கு ஐசிபி-எம்எஸ் என்ற இன்னொரு மெஷின்.

தியோபுரோமின் என்றதும் ஒரு பழைய கதை. 1979இல் இங்கிலாந்தில் நோ பொம்ப்ஸ் என்ற குதிரை, தன்னைப் பார்த்துக்கொண்டவரின் மார்ஸ் சொக்லட்டைத் தின்றுவிட்டு ஓடி ஜெயித்தது. வெற்றி போய்விட்டது. 2014இல் எலிசபெத் மகாராணியாரின் எஸ்டிமேற், அஸ்கொட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்து, மோர்பின் காரணமாகத் தகுதி இழந்தது. தீவனத்தில் பொப்பி விதை கலந்திருந்ததுதான் காரணம். தேயிலைத் தோட்டத்தின் நடுவே ரேஸ் வைக்கும் நமக்கு இது சிரிப்பதற்கான கதை மட்டுமல்ல. பிளேன்டீ குடித்த கோப்பையைத் தீவன வாளியில் கழுவும் பழக்கம் எங்கே இல்லை? கெஃபீன் அப்படியும் வரும். வைக்கோலில் ஊமத்தை கலந்தால் அத்ரோபின் வரும். இப்படி அறியாமல் வருவதற்கென்றே ஓர் எச்ச வரம்பு இருக்கிறது. மோர்பினுக்கு மில்லிலீற்றருக்கு 30 நனோகிராம், கெஃபீனுக்கு 50. தேயிலைத் தூசி பறக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் குதிரையின் கெஃபீனை அளப்பது எப்படியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரு தனி ஆய்வுகூடம் கட்டினால் என்ன? மூன்று கருவிகள், ஒவ்வொன்றும் சில இலட்சம் டொலர் வரை போகும். வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் ஏறக்குறைய விலையில் பத்தில் ஒன்று. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பெரிய பழுதென்றால் பொறியியலாளரும்தான். 2022இல் மின்வெட்டும் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது, நைதரசனும் கரைப்பானும் கிடைக்காமல் கருவிகள் நின்ற கதை இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிதல்ல. மொரிஷியஸ் நம்மைவிடச் சிறிய தீவு, அங்கே குவான்டிலாப் என்ற ஆய்வுகூடம் குதிரை மாதிரிகளைப் பார்க்கிறதே என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் 1812இலிருந்து ரேஸ் நடக்கும் ஷாம்ப் டி மார்ஸில் வருடத்தின் பெரும்பகுதி வாராவாரம் குதிரை ஓடுகிறது. மெஷினுக்குத் தொடர்ந்து வேலை இருக்கிறது, அதை இயக்குபவர்களுக்குக் கை பழகிக்கொண்டே இருக்கிறது. ஏப்ரலில் சில நாட்கள் மட்டும் வேலை வைத்துக்கொண்டு, மிச்ச மாதங்களில் மெஷினுக்குத் துணி போர்த்திவைக்கும் ஆய்வுகூடத்தில் நல்ல இரசாயனவியலாளர் நிற்க மாட்டார்.

ஆகவே வெளியே. எங்கே?

டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வுகூடம் குதிரை மாதிரிகளையும் பார்க்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானம், அதே நேர வலயம், இந்தியக் கிளப்புகளில் புழங்கும் மருந்துகளோடு பழக்கம். நம்முடைய குதிரைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வருபவை என்பதால் இது சின்ன விஷயமல்ல. 2019 ஆகஸ்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் அதன் அங்கீகாரத்தை இடைநிறுத்தியது, 2021 டிசம்பரில் திரும்பக் கிடைத்தது. அது மனித விளையாட்டுக்கான அங்கீகாரம். குதிரைக்கு நாம் கேட்க வேண்டியது, மேலே சொன்ன அந்தப் பின்னிணைப்பின் இன்றைய பிரதியை.

அடுத்த படியில், சர்வதேச ரேஸ் சம்மேளனம் உசாத்துணை ஆய்வுகூடங்கள் என்று ஏற்றிருக்கும் சில. ஹொங்கொங் ஜொக்கி கிளப்பின் ஆய்வுகூடம், நியூமார்கெட்டுக்கு அருகில் எல்ஜிசி, பிரான்சின் எல்சிஎச், மெல்பேர்னில் ரேசிங் அனலிட்டிகல் சேர்விசஸ். உயர் பிரிதிறன் மாஸ் ஸ்பெக்கில் முழு ஸ்கேனாகப் பதிவு செய்து வைத்தால், இன்று தெரியாத மருந்தை நாளை தெரிந்த பிறகு அதே பதிவில் திரும்பித் தேடலாம். கட்டணம் அதிகம், நம்முடைய சிறிய பொதிக்கு வரிசையில் முன்னுரிமையும் இருக்காது.

என் தெரிவு: ஒவ்வொரு மாதிரியையும் ஏ, பி என்று இரண்டாகப் பிரித்து, ஏ மாதிரிகள் எல்லாம் டெல்லிக்கு அல்லது மொரிஷியசுக்கு, யார் ஏப்ரலுக்கு முன் எழுத்தில் நல்ல நிபந்தனை தருகிறார்களோ அவர்களுக்கு. உரிமையாளர் எதிர்த்துக் கேட்டால் பி மாதிரி உசாத்துணை ஆய்வுகூடம் ஒன்றுக்கு. இரண்டையும் ஒரே ஆய்வுகூடத்தில் பார்த்தால் எதிர்த்தரப்பு ஒருநாளும் திருப்திப்படாது.

ஆனால் மிச்சம் பிடிக்கும் காசை எல்லாம் மாதிரி எடுப்பதில் போட வேண்டும் என்பேன். மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போத்தலில் இல்லாததை அது காட்டாது, போத்தலில் பிறகு கலந்ததை அது மறைக்காது. ஓடி முடித்த குதிரையைத் தனிக் கொட்டிலில் புதிய வைக்கோலில் நிறுத்தி, நீண்ட தடியின் நுனியில் சுத்தமான கிண்ணத்துடன் ஓர் ஆள் பொறுமையாக நிற்க வேண்டும். விசிலடித்தால் சில குதிரைகள் விடும், பல நாடுகளில் இது பழக்கம். வியர்த்து ஓய்ந்த குதிரை ஒரு மணி நேரமும் தராது, அப்போது இரத்தம் எடுத்துக்கொள்வது. மாதிரி எடுப்பவர் தன் கையுறையை அந்த இடத்திலேயே புதிதாகப் போட வேண்டும், டீக்கோப்பை கொட்டிலுக்குள் வரக் கூடாது. ஏ, பி என்று இரண்டாகப் பிரித்து, திறந்தால் தெரியும் முத்திரையிட்டு, இலக்கம் மட்டும் எழுதி, உரிமையாளரின் ஆள் கையெழுத்து வைக்க வேண்டும். குதிரையின் பெயர் ஆய்வுகூடத்துக்குப் போகக் கூடாது.

அங்கிருந்து கொழும்புக்கு சுமார் 170 கிலோமீற்றர். ஏப்ரலில் அந்தப் பாதை எப்படியிருக்கும் என்று மலைக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழே இறங்க இறங்க வெப்பம் ஏறும், சாதாரண சிறுநீர்ப் போத்தலில் பக்டீரியா பெருகும். அது யூரியாவை அமோனியாவாக்கும், இணைப்புகளை உடைக்கும், ஸ்டீரொயிட் அளவுகளையும் குழப்பும். ஆகவே மலையிலேயே உறையவைத்து, உலர்பனியில்தான் இறக்க வேண்டும். இன்னொரு சங்கடம்: ரேஸ் பருவமும் புத்தாண்டும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 13, 14 என்றால் கூரியர் கந்தோரில் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது. அந்த வாரத்துக்கு ஜெனரேற்றர் உள்ள ஓர் ஆழ்குளிர்ப்பெட்டியைக் கொழும்பில் முன்பே வாடகைக்குப் பேசி, இரண்டு பூட்டுப் போட்டு, சாவியில் ஒன்றைச் சங்கத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ அல்லாமல் மலையிலேயே செய்ய வேண்டிய ஒரே சோதனை, அப்பச்சோடாக் கரைசலுக்கானது. மூக்குக் குழாயால் அதை வயிற்றில் ஊற்றினால் தசையில் அமிலம் சேர்வது தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில் செய்கிறார்கள். சிறுநீரில் அதற்கு வேலையில்லை, இரத்தத்தின் பிளாஸ்மாவில் கரியமிலவாயு லீற்றருக்கு 36 மில்லிமோலைத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். குழாய் திறந்திருந்தால் வாயு போய்விடும், நாள் போனாலும் குறையும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இதை அளக்க முடியும் என்றாலும், தண்டனை கொடுக்கும் அளவுக்கு அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். ரேஸுக்கு முன் எடுத்து, தாண்டினால் குதிரையை ஓடவிடாமல் நிறுத்திவைப்பதோடு விட்டுவிடலாம்.

வெளிநாட்டு ரிப்போட் வர வாரங்கள் ஆகும். அதுவரை பரிசுப் பணத்தை நிறுத்திவைக்கச் சங்கத்தின் விதியில் ஒரு வரி வேண்டும். பந்தயம் கட்டியவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. பிரித்தானியாவில் குதிரை பிறகு தகுதி இழந்தாலும் புக்கியின் கணக்கு அன்றைய முடிவோடு முடிந்துவிடும், இங்கும் அப்படியே வைப்பதுதான் சண்டை குறைவு. கோபப்படப் போவது உரிமையாளர்கள்தான். அவர்களிடம் இந்த விதியில் கையெழுத்தைப் பெயர் கொடுக்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். ஆய்வுகூடங்களுக்குக் கடிதம் ஜனவரியிலேயே போக வேண்டும். விலங்கு மாதிரிக்கான இறக்குமதி அனுமதியை அந்தந்த நாட்டின் கால்நடை அதிகாரிகள்தான் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நம்முடைய ஏப்ரல் ஒரு அவசரமே இல்லை.